பீச்சா, ரேலியா, சொந்தமா ஒரு வயலா: பழைய காசு தேடறவங்க முதல் வருஷம் எங்க போகலாம்

இந்த வருஷம் மட்டும் எனக்கு தெரிஞ்சு இங்க இங்கிலாந்துல நம்ம ஆளுங்க நாலு பேர் மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டாங்க, நாலு பேரும் போன் பண்ணி கேட்டது ஒரே கேள்விதான், மெஷின் வாங்கியாச்சுண்ணா இப்ப எங்க போய் தேடறது. வாங்கறதுக்கு முன்னாடி மூணு மாசம் உக்காந்து வீடியோ பாக்கறாங்க, மெஷின் அடியில இருக்கற வட்டத் தட்டு, அதாவது காயில், எது எத்தனை இன்ச் ஆழம் போகும்னு மனப்பாடமா சொல்றாங்க, ஆனா காலை எங்க வைக்கப் போறோம்ங்கறத மெஷின் வீட்டுக்கு வந்த அப்புறம்தான் யோசிக்கறாங்க. நான் ஆறு வருஷமா கென்ட் பக்கம் சுத்திட்டு இருக்கேன், மூணு வழியிலயும் போய் பாத்துட்டேன், அதனால நாலு பேருக்கு தனித்தனியா சொன்னத ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

மூணு வழின்னா, ஒண்ணு கடற்கரை. ரெண்டாவது காசு கட்டி போற ரேலி, அதாவது யாரோ ஒருத்தர் விவசாயிகிட்ட பேசி நிலத்தை ஒரு நாளைக்கு எடுத்து நூறு இருநூறு பேரை உள்ள விடறது. மூணாவது நீங்களே ஒரு விவசாயிகிட்ட போய் பேசி அவர் வயல்ல தேட அனுமதி வாங்கறது, இங்க எல்லாரும் அதை பெர்மிஷன்னே சொல்வாங்க, என் பெர்மிஷன் உன் பெர்மிஷன்னு. மூணுலயும் காசு கிடைக்கும். எதுல நிறைய கிடைக்கும்னு ஒப்பிட்டா அது அவங்கவங்க அதிர்ஷ்டம், அதுல பேச ஒண்ணும் இல்ல. நான் ஒரே ஒரு விஷயத்த வச்சுதான் பாக்கறேன், கையில வந்த காசு எந்த காலத்துது, யார் அடிச்சது, அது ஏன் அந்த இடத்துல விழுந்துச்சுன்னு எந்த வழியில போனா நமக்கு புரியும். புரியாத காசு வெறும் தகடு, டப்பால போட்டு வச்சு ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்து பாத்தா எங்க எடுத்தோம்னே ஞாபகம் இருக்காது.

முதல்ல பீச்ச பாப்போம், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க. காரணம் சுலபம், யார்கிட்டயும் போய் கதவு தட்ட வேண்டாம். அலை ஏறி இறங்கற பகுதியில ஏறக்குறைய பாதி, அரச குடும்பத்து பேர்ல இருக்கற நிலங்களை நிர்வகிக்கற கிரவுன் எஸ்டேட்டுக்கு சொந்தம், அவங்க பொழுதுபோக்கா தேடறவங்களுக்கு தனி பெர்மிட் எதுவும் கேக்கறதில்ல. மீதி பாதி கவுன்சிலுக்கோ வேற யாருக்கோ சொந்தமா இருக்கும், அதனால எந்த பீச்சு யாருதுன்னு ஒரு தடவ பாத்துட்டு போங்க. லண்டன்ல தேம்ஸ் கரை மட்டும் கதையே வேற, அங்க துறைமுக ஆணையத்தோட பெர்மிட் இல்லாம கீழ குனிஞ்சு தேடறதே தப்பு.

கடல்ல மெஷினுக்கு ஒரு பிரச்சினை இருக்கு, உப்புத்தண்ணி மின்சாரத்தை கடத்தும், ஈர மணல்ல ஒரே ஃப்ரீக்வென்சி மெஷினை ஆட்டினா அது எல்லா இடத்துலயும் கத்தும். அதனால பீச்சுக்குன்னே போறவங்க பல ஃப்ரீக்வென்சி ஒண்ணா ஓடற மெஷின் வாங்கறாங்க, மைன்லேப் ஈக்வினாக்ஸ், எக்ஸ்பி டியூஸ் 2, நோக்டா லெஜண்ட் மாதிரி. வயலுக்கு மட்டும் போறவங்களுக்கு அவ்வளவு செலவு கட்டாயம் கிடையாது.

பீச்சுல கிடைக்கறது பெரும்பாலும் நேத்து விழுந்த காசு. ஒரு பவுண்டு, இருபது பென்ஸ், துருப்பிடிச்ச ரெண்டு பென்ஸ் (1992லிருந்து ரெண்டு பென்ஸ் காசு உள்ள இரும்பு, மேல செம்பு பூச்சு, அதனாலதான் கடல்ல அப்படி பொரிஞ்சு போகுது). புயல் அடிச்சு மேல் மணல் அரிச்சுட்டு போன மறுநாள் காலைல போனா பழசு கிடைக்கும், ஆனா கிடைக்கற பழசு வழுக்கையா இருக்கும். மணலும் அலையும் சேர்ந்து நூறு வருஷம் தேய்ச்ச காசுல தலையும் இருக்காது பூவும் இருக்காது. அப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கறது அளவும் எடையும்தான். அதனால முதல்ல வாங்க வேண்டியது ஒரு வெர்னியர் காலிப்பரும் கிராமுல ரெண்டு புள்ளி வரை காட்டற சின்ன தராசும், ரெண்டும் சேர்த்து இருபது பவுண்டுக்குள்ள முடிஞ்சுடும், எத்தனையோ ஆப்பை விட அது உதவும். உதாரணத்துக்கு கருப்பா வழுவழுன்னு ஒரு வட்டம் கிடைக்குது, 31 மில்லிமீட்டர் கிட்ட இருக்கு, ஒன்பது கிராம் சொச்சம், அப்படின்னா அது 1860க்கு அப்புறம் வந்த வெண்கல பென்னி, அந்த வருஷம்தான் செம்பை விட்டுட்டு வெண்கலத்துக்கு மாறினாங்க. அதுக்கு முந்தின செம்பு பென்னி 34 மில்லிமீட்டர், எடை அதுல ரெண்டு பங்கு, 18.8 கிராம். 1797ல பர்மிங்காம் சோஹோ மின்ட்ல, அதாவது காசு அடிக்கற ஆலையில, மேத்யூ போல்டன் அடிச்ச பென்னி இருக்கே, அது முழுசா ஒரு அவுன்ஸ், அகலமான விளிம்போட வண்டிச்சக்கரம் மாதிரி இருக்கறதால கார்ட்வீல்னே பேர், அதை ஒரு தடவ கையில வாங்கிட்டா அப்புறம் கண்ண மூடிட்டே சொல்லிடலாம். வெள்ளி மாதிரி தெரியற காசுக்கும் கணக்கு இருக்கு, 1920க்கு முன்னாடி 92.5 சதவீதம் வெள்ளி, 1920லிருந்து 1946 வரைக்கும் பாதி வெள்ளி, 1947லிருந்து வெள்ளியே கிடையாது.

ஆக காசை எண்ணவும் அளக்கவும் பீச்சு சொல்லிக் கொடுக்கும். ஆனா அந்த காசு எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருநாளும் சொல்லாது, அலை எங்கேயோ இருந்து கொண்டு வந்து போட்டுட்டு போகுது, பத்தடி தள்ளி கிடைச்ச இன்னொரு காசுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இருக்காது.

இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது, அத சொல்லாம போக மனசு வரல. கென்ட் கரையில டீல் ஊருக்கு எதிர்ல குட்வின் சேண்ட்ஸ்னு ஒரு மணல் திட்டு, 1809 ஜனவரியில அட்மிரல் கார்ட்னர்ங்கற கிழக்கிந்திய கம்பெனி கப்பல் அங்க புயல்ல மாட்டி உடைஞ்சுது. உள்ள டன் கணக்குல புத்தம்புது செம்பு காசு, எல்லாம் 1808ன்னு தேதி போட்டு சோஹோ மின்ட்ல அடிச்சது, போக வேண்டிய ஊர் மெட்ராஸ். 1980கள்ல அதுல இருந்து லட்சக்கணக்குல எடுத்தாங்க, அப்படி எடுத்ததுல ஒண்ண நான் ஒரு காசு சந்தையில சில பவுண்டுக்கு வாங்கி வச்சிருக்கேன். ஒரு பக்கம் கம்பெனியோட சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதுக்கு கீழ ரோமன் எண்ல பத்து, பக்கத்துல கேஷ்னு ஒரு வார்த்தை. பத்து கேஷ், அதாவது பத்து காசு. அந்த கேஷ்ங்கற நாணயப் பேரே நம்ம காசுங்கற சொல்லு போர்ச்சுகீசியர் வாய்ல புகுந்து இங்கிலீஷுக்கு போனது. எங்க தாத்தாவோட தாத்தா மடியில முடிஞ்சு வச்சிருக்க வேண்டிய காசு இங்க மணலுக்கு அடியில நூத்து எழுபது வருஷத்துக்கு மேல கிடந்திருக்கு. இப்ப அந்த இடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கப்பல் சிதைவு, லைசென்ஸ் இல்லாம அங்க முங்கக்கூடாது. பீச்சுல நடக்கறப்ப கப்பல்ல இருந்து வந்த பொருள் எது கிடைச்சாலும் 28 நாளைக்குள்ள ரிசீவர் ஆஃப் ரெக்ங்கற, கப்பல் சிதைவு பொருளுக்கான அரசு அதிகாரி ஆபீஸுக்கு சொல்லியாகணும், சின்னது பெருசுன்னு வித்தியாசம் இல்ல.

அடுத்தது ரேலி. ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு போய் இருபது இருபத்தஞ்சு பவுண்டு கட்டினா சாயங்காலம் வரைக்கும் தேடலாம், அனுமதி, இன்சூரன்ஸ், பார்க்கிங் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. வாரத்துல ஒரு நாள்தான் லீவு, குழந்தைங்க இருக்காங்க, ஊர் ஊரா போய் கதவு தட்ட கூச்சமா இருக்குங்கறவங்களுக்கு இது வசதி. ரேலியோட பெரிய நன்மை நம்ம குழியில இல்ல, மத்தவங்க குழியில இருக்கு. ஒரு டென்ட்டுக்குள்ள மேசை போட்டு அன்னிக்கு கிடைச்சத எல்லாம் வச்சிருப்பாங்க, ஒரே நாள்ல ரோமன்ல இருந்து விக்டோரியா வரைக்கும் முப்பது நாப்பது வகை காசை கண்ணால பாக்கலாம், கேட்டா சொல்லவும் ஆள் இருக்கும்.

என் முதல் ரேலியில மஞ்சளா மெல்லிசா ஒரு வட்டம் வந்துச்சு, மண்ணை விரலால தள்ளினா பளபளன்னு இருக்கு, நடுவுல ரோஜா, அதை சுத்தி மூணு கிரீடமும் மூணு லில்லிப் பூவும் மாத்தி மாத்தி. தங்கம்னே நெனச்சேன், கை நடுங்குச்சு. பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் வாங்கி பாத்துட்டு சிரிக்கல, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, ஓரத்துல எழுத்து இருக்கு பாரு, பொறுமையா படின்னாரு. ஹன்ஸ் க்ராவிங்கெல்னு ஒரு பேர், அப்புறம் நூரம்பெர்க்கை குறிக்கற எழுத்து. அது காசே இல்ல, ஜெர்மனியில நூரம்பெர்க்ல பித்தளையில அடிச்ச கணக்கு வில்லை, ஜெட்டன்னு சொல்வாங்க. கட்டம் போட்ட துணியை மேசையில விரிச்சு இந்த வில்லைகளை நகர்த்தி வரவு செலவு கணக்கு பாத்திருக்காங்க, நம்ம ஊர்ல சோழி வச்சு எண்ணின மாதிரி. 1600 வாக்குல இது இங்கிலாந்து பூராவும் பரவி கிடந்திருக்கு, அதனால புதுசா தேடறவங்கள்ல பாதி பேருக்கு முதல் தங்கக் காசு இதுதான். அன்னிக்கு அவர் பேரை படிக்க சொன்னாரே, அதுதான் எனக்கு இந்த விஷயத்துல முதல் பாடம். படத்த பாத்து முடிவு பண்ணாத, எழுத்த படி.

அதே மேசையில இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். முதலாம் எலிசபெத் வெள்ளிக் காசுங்கள்ல ராணி தலைக்கு பின்னாடி ரோஜா இருக்கா இல்லையான்னு பாக்கணும். ஆறு பென்ஸ், மூணு பென்ஸ், ஒண்ணரை பென்ஸ், முக்கால் பென்னி, இதுக்கெல்லாம் ரோஜா இருக்கும், ஷில்லிங், நாலு பென்ஸ், ரெண்டு பென்ஸ், ஒரு பென்னிக்கு ரோஜா இருக்காது. அளவு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கற காசுங்க குழம்பக்கூடாதுன்னு அன்னிக்கே பண்ணி வச்ச ஏற்பாடு. தேய்ஞ்ச காசுல வேற எதுவும் தெரியலன்னாலும் காதுக்கு பின்னாடி ஒரு பூ இதழ் தெரிஞ்சா போதும்.

இவ்வளவு நல்லது சொல்லிட்டு கெட்டத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. ஒரு தடவ போன ரேலியில அந்த வயலை ஏற்கனவே மூணு வாரம் முன்னாடி வேற கூட்டத்துக்கு விட்டிருந்தாங்க, எங்ககிட்ட சொல்லல, காசு வாங்கிட்டாங்க. அது கூட போகட்டும், எனக்கு ஆத்தாமை என்னன்னா சாயங்காலம் மேசையில இருந்த காசு எதுக்கும் வயல்ல எந்த இடம்னு குறிப்பே கிடையாது. எழுபது எண்பது காசு, யாரோ எங்கேயோ எடுத்தது, ராத்திரிக்குள்ள எண்பது திசைக்கு போயாச்சு. அந்த நிலத்தோட கதை அன்னிக்கோட முடிஞ்சுது, இனி யாரும் அதை திரும்ப சேர்க்க முடியாது. எல்லா ரேலியும் அப்படி இல்ல, சில இடத்துல கிடைச்ச பொருளை பதிவு பண்ற அதிகாரியே வந்து உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் இடம் குறிச்சு வாங்குவாங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி அதை மட்டும் கேளுங்க, பதிவு அதிகாரி வர்றாரான்னு. இல்லன்னு சொன்னா வேற ரேலி பாருங்க.

இப்ப மூணாவது வழி, என் முடிவும் இதுதான். ஒரே ஒரு வயல் போதும், பெரிய எஸ்டேட் எல்லாம் வேண்டாம். கிடைக்கறது கஷ்டம்னு சொல்றாங்க, உண்மைதான், நான் பதினேழு பேர்கிட்ட கேட்டேன், பதினாறு பேர் முடியாதுன்னாங்க, அதுல ரெண்டு பேர் நாயை காட்டினாங்க. நம்ம முகத்துக்கு அனுமதி கிடைக்குமான்னு தயங்கறவங்களுக்காக சொல்றேன், பதினேழாவது விவசாயி கேட்டது ரெண்டே கேள்வி, குழிய மூடுவியா, கேட்டை சாத்துவியா. போறப்ப நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங் உறுப்பினர் அட்டைய எடுத்துட்டு போங்க, அதோட ஒரு கோடி பவுண்டு வரைக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் வருது, விவசாயிக்கு அந்த காகிதம் தைரியம் கொடுக்கும். கிடைக்கறதுல பாதி பாதின்னு எழுத்துல போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அவர் வாய் வார்த்தை போதும்னு சொன்னாலும் எழுதுங்க, பின்னாடி அவர் பையன் வந்து கேப்பான்.

அனுமதி கிடைச்ச உடனே மெஷினை தூக்கிட்டு ஓடாதீங்க. அந்த நிலத்துல பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் இருக்கான்னு ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்கற அரசு பாரம்பரிய அமைப்போட வரைபடத்துல பாருங்க, இருந்தா நிலத்துக்காரரே சரின்னாலும் அரசு ஒப்புதல் இல்லாம டிடெக்டர் ஓட்டறது 1979ம் வருஷ சட்டப்படி குற்றம். நிலம் அரசோட சுற்றுச்சூழல் மானியத் திட்டத்துல இருந்தா அதுக்கும் நிபந்தனை இருக்கும், விவசாயிகிட்டயே கேட்டுக்கோங்க. இதெல்லாம் இங்கிலாந்துக்கு, வேல்ஸுக்கு இதே மாதிரி தனி சட்டம் இருக்கு. ஸ்காட்லாந்துல கிடைக்கற பழைய பொருள் எல்லாத்தையும் அரசுக்கு தெரிவிக்கணும், வட அயர்லாந்துல லைசென்ஸ் இல்லாம தேடவே கூடாது.

வயல்னா வருஷம் பூரா தேட முடியாது. ஆகஸ்ட்ல அறுவடை முடிஞ்சு வெறும் தாள் நிக்கறப்ப ஒரு சுத்து, உழுதப்புறம் ஒரு சுத்து, அப்புறம் விதைச்சுட்டாங்கன்னா அடுத்த வருஷம்தான். என் வயல் பதினாலு ஏக்கர், ஒரு பக்கம் நடைபாதை, அரை மைல் தள்ளி பழைய சர்ச்சு. முதல் சீசன் பூரா பட்டன், ஈயக் கட்டி, தோட்டா, மூணாம் ஜார்ஜ் காலத்து அரை பென்னி, அதுவும் முகமே இல்லாம தேய்ஞ்ச செல்லாக்காசு. விட்டுடலாமான்னு இருந்துச்சு.

அக்டோபர் ஒரு சனிக்கிழமை, நடைபாதைக்கு பத்து கஜம் உள்ள தள்ளி ஒரு சிக்னல், மெஷின் திரையில நம்பர் நிக்காம துள்ளுது, ஒரு பக்கம் ஆட்டினா சத்தம் வருது மறுபக்கம் வரல. அஞ்சு இன்ச் தோண்டி கட்டிய உடைச்சா ஒண்ணும் தெரியல, குழிக்குள்ள இடம் காட்டற சின்ன கைக்கருவி, பின்பாயிண்டர், கத்துது ஆனா கண்ணுக்கு தெரியல. கட்டிய ரெண்டா பிரிச்சு அதுல ஒண்ண ரெண்டா பிரிச்சப்ப பிறை மாதிரி ஒரு சாம்பல் கலர் தகடு, காகிதத்தை விட கொஞ்சம் கனம், ஒரு ஓரம் வளைவு ஒரு ஓரம் நேர்கோடு. பாட்டில் தண்ணிய ரெண்டு சொட்டு விட்டேன், தேய்க்கல. நேர் ஓரத்தை ஒட்டியே சிலுவையோட கை ஒண்ணு ஓடுது, நடுவுல இருந்து இன்னொரு கை விளிம்பு வரைக்கும் போகுது, அந்த கை ரெண்டு கோடா இருக்கு, ரெண்டு பக்கமும் மூணு மூணு புள்ளி. ஓரத்துல ஆறு எழுத்து, ஓ என் எல், வி என் டி.

இப்ப பாருங்க, முகம் இல்ல, தேதி இல்ல, பாதி காசுதான் இருக்கு, ஆனா வீட்டுக்கு வந்து உக்காந்த அரை மணி நேரத்துல அது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சிலுவை விளிம்பு வரைக்கும் நீண்டு ரெட்டைக் கோடா இருந்தா அது மூணாம் ஹென்ரி 1247ல கொண்டு வந்த வகை, ஓரத்தை சுரண்டி வெள்ளி திருடறவங்க அதிகமானதால சிலுவைய விளிம்பு வரைக்கும் நீட்டிட்டாங்க, சுரண்டினா தெரிஞ்சுடும். 1279ல முதலாம் எட்வர்ட் வந்து மாத்தினப்ப சிலுவை ஒத்தைக் கோடா ஆயிடுச்சு. அந்த ஆறு எழுத்து ஆன் லண்ட் (யுவுக்கு பதிலா வி போட்டிருக்காங்க), லண்டன்ல அடிச்சதுன்னு அர்த்தம். அடிச்சவன் பேர் முன் பாதியில இருந்திருக்கும், அது வெட்டுப்பட்ட மறுபாதியோட போச்சு. ஏன் பாதின்னா எட்வர்ட் காலம் வரைக்கும் வட்டமா அரை பென்னி, கால் பென்னின்னு அடிக்கறது வழக்கத்துலயே இல்ல, சில்லறை வேணும்னா சிலுவைக் கோட்டுல வச்சு வெட்டினாங்க, ரெண்டா வெட்டினா அரைக்காசு நாலா வெட்டினா கால் காசு. கால் காசு பெறாதுன்னு சின்ன வயசுல எத்தனை தடவ திட்டு வாங்கியிருக்கேன், அந்த கால் காசு இப்படித்தான் இருக்கும்னு ஒரு இங்கிலீஷ் வயல்ல தெரிஞ்சுக்கிட்டேன்.

எழுத்த படிச்சா போதுமான்னா அதுலயும் ஒரு பொறி இருக்கு. 1180லிருந்து 1247 வரைக்கும் வந்த குட்டை சிலுவை பென்னிங்க எல்லாத்துலயும் ஹென்ரிகஸ்னுதான் இருக்கும், ரிச்சர்டும் ஜானும் ராஜாவா இருந்த வருஷங்கள்லயும் அப்பா பேர்லயே அடிச்சுட்டு இருந்தாங்க. பேர மட்டும் நம்பி ரெண்டாம் ஹென்ரின்னு எழுதினா தப்பாயிடும், முடி சுருளோட எண்ணிக்கை, எழுத்தோட வடிவம், அடிச்ச ஊர் எல்லாம் பாத்துதான் சொல்ல முடியும்.

அதே வயல்ல கிழக்கு மூலையில அடுத்த ரெண்டு சீசன்ல பதினோரு ரோமன் காசு. தனித்தனியா பாத்தா ஒண்ணும் இல்ல, பச்சைக் களிம்பு பிடிச்ச சட்டை பட்டன் சைஸ் வட்டம், பாதிக்கு மேல எழுத்து போயாச்சு. ஆனா ஒவ்வொண்ணும் எடுத்த உடனே ஜிபிஎஸ்ல இடம் குறிச்சு, சின்ன ஜிப் கவர்ல போட்டு நம்பர் எழுதி வச்சிருந்தேன். ஒண்ணுல ரெண்டு சிப்பாய் நிக்கறாங்க, நடுவுல ரெண்டு கொடிக்கம்பம், அது 330லிருந்து 335க்குள்ள. இன்னொண்ணுல அதே சிப்பாய்ங்க ஆனா கொடிக்கம்பம் ஒண்ணுதான், அது 335க்கு அப்புறம். கம்பத்தை எண்ணினா அஞ்சு வருஷத்துக்குள்ள தேதி சொல்லிடலாம், கல்வெட்டு கூட அவ்வளவு துல்லியமா எல்லா நேரமும் சொல்லாது. ஓநாய் ரெண்டு குழந்தைக்கு பால் கொடுக்கற படம் ஒண்ணு, அடியில ட்ரியர் நகரத்து மின்ட் குறி. மூணு காசுல தலையில கதிர் கதிரா கிரீடம், அது 260, 270கள். பதினொண்ணையும் வரைபடத்துல வச்சு பாத்தா எல்லாம் முப்பது மீட்டருக்குள்ள. மாவட்ட ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசர்கிட்ட, அதான் நான் முன்னாடி சொன்ன பதிவு அதிகாரிகிட்ட, கொண்டு போனப்ப அவங்க காசை விட அந்த வரைபடத்தைத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க, அந்த மூலையில ரோமன் காலத்துல ஆள் நடமாட்டம் இருந்திருக்குன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதுன்னாங்க. இது பீச்சுலயும் நடக்காது, ரேலியிலயும் நடக்காது, ஒரே இடத்துக்கு திரும்ப திரும்ப போறவனுக்குத்தான் நடக்கும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியமா படுதுன்னா நான் கரூர்க்காரன். அமராவதி ஆத்து மணல்ல ரோமன் செம்புக் காசு கிடைச்ச ஊர். சின்ன வயசுல பாத்திருக்கேன், மணல் சலிக்கறவங்க பழைய காசை எடைக்கு கொடுப்பாங்க, அது கை மாறி கை மாறி எங்கேயோ போகும். காசு பத்திரமா யாரோ சேகரிப்பாளர்கிட்ட இருக்கும், ஆனா ஆத்துல எந்த துறை, எவ்வளவு ஆழம், கூட வேற என்ன இருந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அதுக்காக ஊருக்கு லீவுல போறப்ப மெஷினை எடுத்துட்டு போய் ஆத்துல இறங்கலாம்னு நெனைக்காதீங்க. இந்தியாவுல 1878ம் வருஷ புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது எது கிடைச்சாலும் கலெக்டருக்கு தெரிவிக்கணும், மறைச்சா தண்டனை உண்டு.

அடையாளம் கண்டுபிடிக்கறதுக்கு இருக்கற வழிங்களையும் சுருக்கமா ஒப்பிட்டுடறேன். போன்ல போட்டோ எடுத்து சொல்ற ஆப்புங்க புதுக் காசுக்கு ஓரளவு சரி, தேய்ஞ்ச ரோமன் காசை காட்டினா வாய்க்கு வந்த சக்கரவர்த்தி பேரை சொல்லும், நம்பாதீங்க. ஃபேஸ்புக் குரூப்புல பதில் பத்து நிமிஷத்துல வரும், சில நேரம் அது வாழ்க்கையே மாத்தும். 2021ல டெவன்ல ஹெம்யாக் ஊர்ல ஒருத்தர் ஒரு தங்கக் காசு எடுத்தார், என்னன்னு தெரியாம படத்த போட்டார், அத ஏல நிறுவனத்து நிபுணர் பாத்துட்டு மூணாம் ஹென்ரி 1257ல அடிச்ச தங்க பென்னின்னு சொன்னார், 2022 ஜனவரியில 5,40,000 பவுண்டுக்கு ஏலம் போச்சு. ஆனா படம் போடறப்ப ஊர் பேர், வயல், பின்னாடி சர்ச்சு கோபுரம் எதுவும் தெரியக்கூடாது, ராத்திரி திருட்டுத்தனமா தோண்டற கூட்டம் அதையெல்லாம் பாத்துட்டுதான் இருக்கு.

நான் சொல்றது போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் தளம், பிரிட்டிஷ் மியூசியம் நடத்துது, 1997ல ஆரம்பிச்சது, 15 லட்சத்துக்கு மேல பொருள் பதிவாகி இருக்கு, நிறைய படத்தோட, இலவசம். ரெட்டைக் கோடு சிலுவை, லண்டன், பாதி காசுன்னு போட்டா நூத்துக்கணக்குல வரும், உங்க காசை பக்கத்துல வச்சு ஒண்ணொண்ணா பாருங்க. மெதுவான வழிதான், ஆனா நாலு மாசத்துல உங்க கண்ணே பழகிடும். நீங்களா ஒரு முடிவுக்கு வந்த அப்புறம் லியேசன் ஆபீசர்கிட்ட காட்டுங்க, தப்புன்னா ஏன் தப்புன்னு சொல்வாங்க.

எதையும் கழுவி தேய்ச்சுட்டு கொண்டு போகாதீங்க. நான் என் முதல் ரோமன் காசை எலுமிச்சம்பழம் போட்டு தேய்ச்சேன், நம்ம வீட்டுல பித்தளை குத்துவிளக்கு தேய்க்கற பழக்கம். எழுத்து இருந்தது அந்த பச்சைக் களிம்புலதான், உள்ள உலோகம் எப்பவோ அரிச்சு போயிருந்துச்சு. களிம்போட சேர்ந்து ராஜாவும் போனார், பளபளன்னு ஒரு செம்பு வில்லை மிச்சம். இன்னும் அத பாத்தா மனசு வலிக்கும்.

ஒரு காசுக்கு மேல கிடைச்சா என்ன பண்றதுங்கறது தெரிஞ்சே ஆகணும். 300 வருஷத்துக்கு மேல பழசான தங்கமோ வெள்ளியோ ஒரே இடத்துல ரெண்டு காசு, செம்பு வெண்கலம்னா பத்து காசு, அப்படி கிடைச்சா அது சட்டப்படி புதையல், 14 நாளைக்குள்ள தெரிவிக்கணும், லியேசன் ஆபீசர் மூலமாவே பண்ணலாம். பானை மாதிரி எதுவும் தெரிஞ்சா தோண்டறத அப்பவே நிறுத்துங்க. 2010ல சாமர்செட்ல ஃப்ரோம் பக்கத்துல டேவ் கிரிஸ்ப் பானைய பாத்த உடனே நிறுத்திட்டு ஆள கூப்பிட்டார். உள்ள 52,503 ரோமன் காசு. தொல்லியல்காரங்க அடுக்கு அடுக்கா எடுத்ததால ஒண்ணு புரிஞ்சுது, கடைசியா வந்த கராசியஸ்ங்கற ரோமன் ஆட்சியாளரோட காசுங்க மேல இல்லாம கீழ் அடுக்குல இருந்துச்சு, அப்படின்னா வருஷக்கணக்கா உண்டியல் மாதிரி சேர்த்து போட்டது இல்ல, மொத்தமா ஒரே தடவையில போட்டது. அவசரப்பட்டு அள்ளியிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. 2015ல ஹெர்ஃபோர்ட்ஷயர்ல லெம்ஸ்டர் பக்கத்துல ரெண்டு பேர் இதுக்கு நேர்மாறா பண்ணாங்க, வைக்கிங் கால புதையலை மறைச்சு வித்தாங்க, 300 காசு கிட்ட இருந்திருக்கும்னு கணிச்சாங்க, வழக்கு முடியறப்ப மீட்டது 31தான், 2019ல ரெண்டு பேரும் ஜெயிலுக்கு போனாங்க. வெசெக்ஸ் நாட்டு ஆல்ஃபிரட் ராஜாவும் பக்கத்து நாடான மெர்சியாவோட ராஜா ரெண்டாம் கியோல்வுல்ஃபும் கூட்டா இருந்தாங்கன்னு காட்டற காசுங்க அதுல இருந்துச்சு, மிச்சம் என்ன சொல்லியிருக்கும்னு இனி எப்படி தெரிஞ்சுக்கறது.

ஆக என்கிட்ட கேட்ட நாலு பேருக்கும் நான் சொன்னது, முதல் குளிர்காலத்துல ரெண்டோ மூணோ ரேலிக்கு போங்க, தோண்டறதுக்காக இல்லாம மேசைய பாக்கறதுக்காக போங்க. கூடவே கதவு தட்டிட்டே இருங்க. மே மாசத்துலயிருந்து பயிர் நிக்கறப்ப பீச்சுல கை பழகுங்க. ஒரு வயல் கிடைச்ச அன்னிலிருந்து மத்த ரெண்டையும் குறைச்சுட்டு அங்கேயே இருங்க. கடல்ல இருந்து பத்து நிமிஷ தூரத்துல வீடு இருந்து, காரும் இல்லன்னா மட்டும் பீச்சையே வச்சுக்கோங்க, அதுல தப்பில்ல.

அந்த அரைக்காசு என்னாச்சுன்னு கேப்பீங்க. ஒப்பந்தப்படி பாதி எனக்கு பாதி அவருக்கு, ஆனா பாதிய எப்படி பாதியாக்கறது. பதிவு பண்ணி திரும்பி வந்ததும் விவசாயியோட அம்மாகிட்ட கொடுத்துட்டேன், எண்பத்தாறு வயசு, அந்த வயல்லயே பொறந்து வளர்ந்தவங்க. மாத்திரை டப்பால பஞ்சு வச்சு ஜன்னல் ஓரமா வச்சிருக்காங்க. போன வாரம் அவங்க பையன் மெசேஜ் அனுப்பியிருந்தார், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒன்பது ஏக்கர் வர்ற வியாழக்கிழமை அறுவடை, வெள்ளிக்கிழமை வந்தா போதுமாம், மறுபாதி அங்க கிடக்கான்னு பாக்க சொன்னாங்களாம் அம்மா.